'அடாப்ஷன்': தத்தெடுப்பா, ஏற்பா, கைக்கொள்ளலா?

அன்புடையீர், வணக்கம்.

இணையவழிக் கற்பித்தல் கருவிகளுக்குப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல எப்படி மாறுகிறார்கள் என்னும் ஆய்வில், 'அடாப்ஷன்' என்பதற்குத் 'தத்தெடுப்பு' என எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளையைத்தான் தத்தெடுப்போம், மூடில் என்னும் இணையவழிக் கற்பித்தல் மென்பொருளைத் தத்தெடுத்ததாகச் சொன்னால் எங்கள் சேலத்துத் துறை அறையில் சிரித்துவிடுவார்கள்.

'ஏற்பு' பிழையன்று. ஆனால் 1989-இல் ஃபிரெட் டேவிஸ் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரிக்கு அச்சொல் தேவைப்படுகிறது. அங்கே அது கருவி பயனுள்ளது, எளியது என்று கருதும் மனத்தின் இசைவு. புதுமைகள் மக்களிடையே எப்படிப் பரவுகின்றன என்பது பற்றி எவரெட் ராஜர்ஸ் 1962 முதல் வளர்த்தெடுத்த கோட்பாட்டின் அடாப்ஷனோ, அறிதலில் தொடங்கி, முடிவெடுத்து, பயன்படுத்தி, அம்முடிவை உறுதிசெய்வதுவரை நீளும் நெடும்போக்கு.

அக்கோட்பாட்டின் வேர் வேளாண்மையில் இருக்கிறது. அயோவாவில் கலப்பின மக்காச்சோளம் பரவியதைப் பற்றிய 1943-ஆம் ஆண்டு ஆய்வில், உழவர்கள் முதலில் நிலத்தின் ஒரு பகுதியில் மட்டும் புது விதையை இட்டுப் பார்த்தது பதிவாகியுள்ளது. ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு பயிரிடுபவரும், புது ரகம் என்றால், ஓரமாக நாலு குச்சி ஊன்றிப் பார்க்காமல் காடு முழுவதும் மாற்றமாட்டார். வேளாண் விரிவாக்கத்தில் வழங்கும் 'கடைப்பிடித்தல்' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எனினும் விதியையும் ஆணையையும் கடைப்பிடிப்பதே நம் வழக்கு. 2020-இல் சுற்றறிக்கைக்குப் பணிந்து கூகுள் மீட்டில் பாடம் நடத்திவிட்டு, வகுப்பறை திறந்ததும் கரும்பலகைக்குத் திரும்பிய என்னைப் போன்றோர் கடைப்பிடித்தோம், அவ்வளவுதான்.

ஆகவே 'கைக்கொள்ளல்' என்பதை முன்மொழிகிறேன். தொடங்கிய பின் நிறுத்திவிடுவதையும் ராஜர்ஸ் கணக்கில் கொள்கிறார். அதற்கு எதிர்ச்சொல்லாகக் 'கைவிடல்' நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. 'தத்தெடுப்பு', 'ஏற்பு' இரண்டுக்கும் இத்தகைய இணை எளிதில் அமையாது. யார் முந்தி, யார் பிந்தி என்று ராஜர்ஸ் பிரிக்கும் வகைகளுக்கும் இச்சொல் பொருந்துகிறது: முதலில் வரும் 2.5 விழுக்காட்டினர் புதுமையர், அடுத்த 13.5 விழுக்காட்டினர் முந்திக் கைக்கொள்வோர்.

இடறுவது கடைசி 16 விழுக்காட்டினரிடம்தான். 'பின்தங்கியோர்' தமிழ்நாட்டில் வேறு பொருள் சுமக்கும் சொல். 'பிந்திக் கைக்கொள்வோர்' என்றால் அவர்களுக்கு முந்தைய 34 விழுக்காட்டுப் பிந்திய பெரும்பான்மையரோடு குழம்பும். 'தயங்குவோர்' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமானது யாருக்கேனும் தோன்றுகிறதா?