நானோஸும் அந்த 4 சதவீதமும்

ஈக்கூண்டு: நேற்று இங்கே ஒருவர், பழ ஈ முட்டையில் நானோஸ் ஆர்என்ஏ (நானோஸ் மரபணுவின் நகல், இதை வைத்துத்தான் நானோஸ் புரதம் உருவாகும்) மொத்தமும் பின்முனைக்குப் போய்ச் சேர்வதால்தான் அங்கே வயிறு உருவாகிறது என்று எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஐயா, அங்கே தங்குவது வெறும் 4 சதவீதம். 1999-லேயே அளந்தாச்சு. மீதி 96 உள்ளே எல்லா இடத்திலும் கிடக்கிறது. அதிலிருந்து நானோஸ் புரதம் உருவாகாமல் அதன் வாயைக் கட்டி வைப்பது ஆர்என்ஏவைப் பற்றும் புரதம்.

குறுக்குவிசாரணை: அந்த "ஒருவர்" நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். பின்முனையில் இருக்கிற 4 மட்டும்தான் வேலை செய்யுதுன்னா இடம்தானே முக்கியம்? எனக்கே வக்காலத்து வாங்கியதுக்கு நன்றி.

ஈக்கூண்டு: 4 சதவீதம். இன்னொரு தரம் படிங்க. ஸ்மாக் என்கிற அந்தப் பற்றும் புரதம் மீதியை அடக்காவிட்டால் முன்பக்கமும் நானோஸ் புரதம் சேர்ந்து தலை உருவாவதே கெடும்.

முட்டைக்கரு: ஸ்மாக் புரதமே முட்டை தூண்டப்பட்ட பிறகுதான் உருவாகும். அதுக்கு முன்னால், சூலகத்துக்குள் நானோஸை அடக்குவது குளோருண்ட் என்கிற வேறொரு புரதம். பேர் மட்டும் ஈக்கூண்டு!

ஈக்கூண்டு: தெரியும், சுருக்கிச் சொன்னேன். போன மாசம் ப்ரூனோ என்கிற புரதத்தைப் பற்றிய விவாதத்திலும் ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கினீங்க.

முட்டைக்கரு: ப்ரூனோ, ஆஸ்கர் என்ற இன்னொரு மரபணுவின் ஆர்என்ஏ வாலில் (புரதத்துக்கான குறிப்பு முடிந்த பிறகு வரும் பகுதி) உட்கார்ந்து, கப் புரதத்தைக் கூட்டிவந்து, புரதம் உருவாகாமல் தடுக்கிறது. நீங்க எழுதியது "அழிக்கிறது". இது ஒரு சொல் பிழையா?

குறுக்குவிசாரணை: ஆஸ்கர்னு சொன்னதும் ஞாபகம் வருது. 1992-ல் எஃப்ருசி, லேமன்னு ரெண்டு ஆய்வாளர்கள் அதை முன்முனைக்கு மாத்தினாங்க, வழக்கமா பின்முனையில் வர்ற இனச்செல்லும் (பின்னாடி விந்தோ முட்டையோ ஆகுற செல்) முன்முனையில் வந்துச்சு. இடம்தான் ராசா!

ஈக்கூண்டு: எப்படி மாத்தினாங்க? ஆஸ்கரின் வாலை எடுத்துட்டு முன்முனையில் தங்குற பைகாய்டு ஆர்என்ஏவின் வாலை ஒட்டினாங்க. வாலில் உட்காரும் புரதம் மாறிச்சு, ப்ரூனோவின் பிடியும் விட்டுப்போச்சு. இடம் தானா மாறலை.

வேடிக்கைபார்ப்பவன்: நான் பி.காம். முட்டையோட சொந்த உட்கரு என்னய்யா பண்ணுது?

ஈக்கூண்டு: பெரும்பாலும் தூக்கம்தான். பக்கத்துல 15 செவிலிச் செல்கள் ஆர்என்ஏ செஞ்சு ஊட்டிவிடும். அதான் கட்டுப்பாடெல்லாம் ஆர்என்ஏ மேல. 4 சதவீதம்னு நான் கத்துறதும் அதுக்குத்தான்.

குறுக்குவிசாரணை: அந்த 4-ஐ அளந்தது சூலகத்திலா, இட்ட பிறகு இளங்கருவிலா?

ஈக்கூண்டு: கருவில். அதனால என்ன? 96 எங்கே போச்சுன்னு முதல்ல சொல்லுங்க.

முட்டைக்கரு: குளோருண்டுக்கு இன்னும் பதில் வரலை.