அட்டாக்குக்குப் பிறகு இதய எம்ஆர்ஐ: உங்கள் வீட்டில் ஸ்டென்ட் வைத்தார்களா, வேண்டாம் என்றார்களா?

கோத்தகிரியிலிருந்து:

நெஞ்சில் வந்த பாரத்தை வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீரோடு தள்ளிப்போட்டார் அப்பா. பச்சைத்தேயிலை எடை போடும் நாள் வேறு. மறுநாள் மூச்சு வாங்கிய பிறகுதான் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறக்கினோம். எக்கோவில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தம், 35 சதவீதம். ஆஞ்சியோவில் முன்பக்கக் குழாய் முழு அடைப்பு, பக்கவாட்டுக் குழாயில் 80 சதவீதம்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் இரண்டிலும் ஸ்டென்ட் வைக்கச் சொல்லி நச்சரித்தார்கள். அப்பாவுக்கு வலி அடங்கி பிரஷரும் சீராக இருந்ததால், முதலில் இதய எம்ஆர்ஐ எடுப்போம் என்றார் டாக்டர். ஆஞ்சியோ குழாயைக் காட்டும். தசை பிழைத்திருக்கிறதா என்று காட்டாதாம்.

கிட்னி எப்படி என்று அறிய ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துவிட்டு, படத்தில் தசையைப் பிரித்துக் காட்டும் கடோலினியம் மருந்தை ஊசியில் போட்டார்கள். சுமார் பத்து நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் செத்த தசை வெள்ளையாகவும் நல்ல தசை கறுப்பாகவும் தெரியும். மூச்சை அடக்கு, விடு என்று சொல்லிக்கொண்டே இருந்ததில் அப்பா சோர்ந்துபோனார். முன்சுவரில் தழும்பு முக்கால் கனத்துக்கு மேல். பாதியைத் தாண்டினாலே, அடைப்பை எடுத்தாலும் அந்த இடம் பழையபடி சுருங்குவது அபூர்வமாம். பக்கச் சுவர் நன்றாக இருந்தது, அங்கே மட்டும் ஸ்டென்ட். எக்கோவில் சிக்காத சிறு ரத்தக்கட்டியும் இதய நுனியில் தெரிந்தது. அதற்குத் தனி மாத்திரை. படத்துக்குக் கொடுத்த காசு அதற்கே தகும்.

கொடைக்கானலிலிருந்து:

அக்கா, நான் நர்ஸ். வத்தலக்குண்டு இறக்கத்தில் ஆம்புலன்ஸில் போய்ப் பழகியவள். அட்டாக் வந்து 3 முதல் 28 நாள் ஆன, நிலைமை சீரான 2,166 பேரிடம் நடந்த ஓஏடி ஆய்வு 2006-ல் வந்தது. முழுதாக அடைத்த குழாயைத் திறந்ததால் மரணமோ மறு அட்டாக்கோ குறையவில்லை. ஆனால் வலி நிற்காமல் இருந்தாலோ பிரஷர் இறங்கினாலோ எம்ஆர்ஐக்குக் காத்திருக்கவே கூடாது.

தசை உயிரோடு இருந்தாலே ஸ்டென்ட் கைகொடுக்கும் என்றும் இல்லை. பிரிட்டனில் பம்பிங் 35-க்குள் இருந்த 700 பேரிடம் நடந்த ரிவைவ்டு ஆய்வில் (2022), மருந்தோடு ஸ்டென்ட் சேர்த்தும் இறப்போ, இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வதோ குறையவில்லை.

குன்னூரிலிருந்து:

மாமாவுக்குப் பழைய பேஸ்மேக்கர், கிட்னியும் சுமார். எம்ஆர்ஐ விட்டு பெட் ஸ்கேன் எடுத்தார்கள். உயிருள்ள தசை சர்க்கரையை இழுத்துக்கொள்வதைப் பார்க்கிற ஸ்கேன் அது. அவர் சர்க்கரைக்காரர் என்பதால் இன்சுலின் ஏற்றிச் சரிக்கட்டவே பாதி நாள் ஓடியது. மூன்று குழாயிலும் அடைப்பு, தசை பெரும்பாலும் உயிரோடு. பைபாஸ் ஆயிற்று. கோத்தகிரி அக்கா, உங்கள் அப்பாவை எப்போது மலையேற விட்டார்கள்? எங்கள் டாக்டர் இன்னும் பிடிகொடுக்கவில்லை.