வாரம் 60 மணி நேரம்: ஆய்வுக்கு அவ்வளவு தேவையா?

மெய்ப்பொருள் (திரி தொடக்கம்)
முழுநேர பிஎச்.டி. என்றால் வாரம் 60 மணி நேரமாவது லேபில் இருக்க வேண்டும் என்ற பேச்சு, சென்னையில் ஆய்வு நிறுவனங்கள் நிறைந்த கிண்டி, தரமணி வட்டாரத்தில் சர்வ சாதாரணம். 2019-ல் ‘நேச்சர்’ இதழ் உலகெங்கும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வு மாணவர்களைக் கேட்டபோது, 76 சதவீதம் பேர் வாரம் 41 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதாகச் சொன்னார்கள். 41-க்கும் 60-க்கும் நடுவே இரண்டு முழு வேலை நாள் இருக்கிறது. அந்த இரண்டு நாளில் என்னதான் நடக்கிறது? சொந்தக் கதை வேண்டாம், கணக்கோடு வாருங்கள்.

பெட்ரித்தட்டு
உயிரியல்ல நேரத்த நாம முடிவு பண்றதில்ல, செல்தான் முடிவு பண்ணுது. ஹீலா செல் (லேப்ல வளர்க்கிற மனிதப் புற்றுநோய் செல்) ஏறத்தாழ 24 மணி நேரத்துல இரட்டிப்பாகும். ஃபிளாஸ்க்கோட அடிப்பரப்பு 70–80 சதவீதம் செல்லால நிரம்பினதும், புது ஃபிளாஸ்க்குக்குப் பிரிச்சுப் போட்டாகணும். விட்டா அமிலம் கூடி மீடியம் (செல்லுக்கான சத்துத் திரவம்) மஞ்சளாகும், வளர்ற வேகம் மாறும், அடுத்து எடுக்கிற ரீடிங் அத்தனையும் கோணல். எத்தன செல் உயிரோட இருக்குன்னு நிறத்த வெச்சுப் பார்க்கிற எம்.டி.டி. டெஸ்ட்ல மருந்து போட்டு 24, 48, 72 மணி நேரத்துல பார்க்கணும். ஒவ்வொரு தடவையும் எம்.டி.டி. சாயம் சேர்த்து 3–4 மணி காத்திருந்து, டி.எம்.எஸ்.ஓ.ங்கிற கரைப்பான் ஊத்தி கரைச்சு, 570 நானோமீட்டர்ல ரீடிங். புதன்கிழமை மருந்து போட்டா சனிக்கிழமை வந்துதான் ஆகணும்.

பாக்டீரியாவும் இதே கதைதான். சாயங்காலம் 6 மணிக்கு இன்குபேட்டர்ல வெச்ச, ஆம்பிசிலின் ஆன்டிபயாடிக் கலந்த தட்ட மறுநாள் காலைல 10-க்குள்ள எடுக்கணும். 16 மணி நேரம் தாண்டினா, பெரிய காலனி விடுற பீட்டா-லாக்டமேஸ் என்சைம் சுத்தி இருக்கிற ஆம்பிசிலின அழிச்சுடும். அப்புறம் ஓரத்துல பொடிப்பொடியா சாட்டலைட் காலனி. அதுல நமக்கு வேண்டிய பிளாஸ்மிட் (நாம உள்ள ஏத்துற வட்ட டி.என்.ஏ.) இருக்காது. ஞாயித்துக்கிழமை வரமாட்டேன்னு சொல்றவங்க திங்கள் அன்னைக்கு அதையே எடுத்து மினிபிரெப் (பிளாஸ்மிட்டப் பிரிச்செடுக்கிற வேலை) பண்ணி ரெண்டு நாள வீணடிப்பாங்க.

சூளைமேட்டுச்சூளை
பெட்ரித்தட்டு, நீங்கள் சொன்ன விவரம் எல்லாம் சரி. ஆனால் அது 60 மணி நேரத்துக்கான வாதம் இல்லை, ஒழுங்காக அட்டவணை போடுவதற்கான வாதம். திங்கள் செல் விதைத்து செவ்வாய் மருந்து போட்டால் 72 மணி ரீடிங் வெள்ளிக்கிழமையே வந்துவிடும். பாக்டீரியாத் தட்டை எடுத்து பாராஃபிலிம் என்ற மெழுகுத்தாள் சுற்றி 4 டிகிரி ஃபிரிட்ஜில் வைக்கப் பத்து நிமிடம் போதும். நாலு பேர் முறை போட்டால் ஒருவருக்கு மாதம் ஒரு ஞாயிறுதான். ஆம்பிசிலினுக்குப் பதில் அதே வகை ஆன்டிபயாடிக்கான கார்பெனிசிலின் போட்டால் சாட்டலைட் தொல்லையும் குறையும். விலைதான் கொஞ்சம் கூட.

பொருளறிவியலில் இந்த மணிக்கணக்கு எவ்வளவு பொய் என்று பாருங்கள். சாம்பிளைச் சுடும் ஃபர்னஸை 30-லிருந்து 1000 டிகிரிக்கு, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் ஏற்ற 3 மணி 14 நிமிடம். அதே வெப்பத்தில் 12 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். பெல்லட்டில் (பொடியை அழுத்திச் செய்த வில்லை) விரிசல் விழாமல் நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் இறக்க 8 மணிக்கு மேல். மொத்தம் 23 மணி நேரம் தாண்டும். இதில் கை வேலை என்று பார்த்தால் அகேட் கல்வத்தில் அரைக்க ஒரு மணி, பெல்லட் அழுத்த இருபது நிமிடம். மிச்சமெல்லாம் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும்.

‘கரன்ட் போனால்?’ என்பீர்கள். ஆள் உட்கார்ந்திருந்தால் மட்டும் கரன்ட் வந்துவிடுமா? ஃபர்னஸின் கிலோவாட் சுமையைச் சாதாரண யு.பி.எஸ். தாங்காது. கன்ட்ரோலருக்கும், வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிளின் பதிவுக்கும் மட்டும் தனியாகச் சின்ன யு.பி.எஸ். கொடுங்கள். வெப்பம் எத்தனை மணிக்கு, எவ்வளவு இறங்கியது என்று காலையில் பதிவான வரைகோட்டைப் பார்த்து, சாம்பிளை வைத்துக்கொள்வதா கழிப்பதா என்று முடிவு செய்யலாம். கரன்ட் திரும்பியதும் முதல் படியிலிருந்து மறுபடி ஓட்டும்படி செட்டிங் இருந்தால் மாற்றிவிடுங்கள். அந்தச் செட்டிங்கைப் பார்க்காமல் விட்டுத்தான் பல சாம்பிள் இரண்டு முறை வெந்துபோகிறது.

மெய்ப்பொருள்
ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஜான் பென்கவெல் 2014-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை போட்டார். முதல் உலகப் போர்க்கால பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிலாளர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார். வாரம் ஏறத்தாழ 49 மணி வரை நேரம் கூடக்கூட உற்பத்தியும் அதே விகிதத்தில் கூடுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு மணியின் பலனும் குறைகிறது. 70 மணி வேலையும் 56 மணி வேலையும் கிட்டத்தட்ட ஒரே உற்பத்திதான்.

பெட்ரித்தட்டு
குண்டு செஞ்சவங்க கணக்க வெச்சு ஸ்காலர் கணக்குப் போடாதீங்க. அங்க ஒவ்வொரு மணியும் கை வேலை. இங்க பாதி காத்திருப்புன்னு சூளையே சொல்லிட்டாரு. அந்த நேரத்துல பேப்பர் படிக்கலாம், முந்தின வார டேட்டா பிளாட் பண்ணலாம்.

இன்னொண்ணு, யாரும் பேசாதது. ஆய்வு உதவித்தொகைல ஜூனியர் நிலை (ஜே.ஆர்.எஃப்.) ரெண்டு வருஷம், சீனியர் நிலை (எஸ்.ஆர்.எஃப்.) மூணு வருஷம், அஞ்சாவது வருஷத்தோட காசு நிக்கும். 2023-லேர்ந்து ஜே.ஆர்.எஃப்.க்கு மாசம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப்.க்கு 42,000. வேளச்சேரில வாடகை குடுத்துட்டு ஆறாவது வருஷத்த எப்படி ஓட்டுவீங்க? முதல் வருஷத்துல குறைஞ்சது 12 கிரெடிட் கோர்ஸ்வொர்க். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி டுடோரியல், லேப், பேப்பர் திருத்தம்னு வாரம் 4–6 மணி நேரம் போகலாம். வாரம் 40-ன்னு வெச்சா அதுல ஆய்வுக்கு 34 தான் மிஞ்சும்.

சூளைமேட்டுச்சூளை
அஞ்சு வருடத்தைத் தின்பது ஞாயிற்றுக்கிழமை இல்லை. பிரைமர் என்ற சின்ன டி.என்.ஏ. துண்டுக்கு ஆர்டர் போட்டு அது வரும் வரை, கருவி ஸ்லாட் கிடைக்கும் வரை, கைடு டிராஃப்டைத் திருப்பித் தரும் வரை நீங்கள் 80 மணி உட்கார்ந்தாலும் எதுவும் நகராது.

கோடிட்டஇடம்
கணிதத்தில் இந்தச் சண்டையே கிடையாது. நாளைக்கு நாலு மணி நேரம்தான் ஒரு கணிதவியலாளரின் மூளை புதிதாக யோசிக்கும் என்பது ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணிதவியலாளர் ஹார்டியின் கருத்து. அவர் காலையில் கணக்கு, மதியம் கிரிக்கெட்.

பெட்ரித்தட்டு
நம்ம ஊர் ராமானுஜன் துறைமுகத்துல கிளார்க் வேலைய வெச்சுக்கிட்டே கணக்குப் போட்டாரே!

கோடிட்டஇடம்
1913-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்து அவரை அந்த மேஜையிலிருந்து விடுவித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிவப்புமை
மாணவரைப் பற்றியே பேசுகிறீர்கள், வாத்தியாரை யாராவது கேட்டீர்களா? யு.ஜி.சி. 2018 விதிப்படி வாரம் 40 மணி நேரத்தில் உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு 16, அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 14. புதுப் பாடமாக இருந்தால் ஒரு வகுப்புக்கு இரண்டு மணி தயாரிப்பு. 60 விடைத்தாள், தாளுக்கு எட்டு நிமிடம், ஆக எட்டு மணி நேரம். இது ஒரு பாடத்தின் ஒரு இன்டர்னலுக்கு மட்டும். பொறியியல் கல்லூரி என்றால் என்.பி.ஏ. என்ற தர அங்கீகார வாரியத்துக்காக சி.ஓ.–பி.ஓ. மேப்பிங், அதாவது ஒவ்வொரு பாடத்தின் இலக்கையும் (சி.ஓ.) முழுப் படிப்பின் இலக்கோடு (பி.ஓ.) பொருத்திக் காட்டுவது. ஒவ்வொரு கேள்வியும் எந்த சி.ஓ. என்று குறித்து, மதிப்பெண்ணை எக்செலில் ஏற்றி, இலக்கு எவ்வளவு எட்டியது என்ற அட்டெய்ன்மென்ட் கணக்குப் போட வேண்டும். வருடக் கணக்கு முடிந்தால் புராஜெக்ட் பணம் எப்படிச் செலவானது என்ற பயன்பாட்டுச் சான்றிதழ், அரசு நிதி விதிகளின் (ஜி.எஃப்.ஆர்.) 12-ஏ படிவத்தில். அதில் ஒரு தலைப்புச் செலவு அனுமதித்ததைவிடக் கூடியிருந்தால் அடுத்த தவணை நிற்கவும் கூடும்.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? அங்கே அரசு நிதியில் ஆய்வு செய்யும் பேராசிரியர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், ஆய்வு நேரத்தில் 42 சதவீதம் நிர்வாக வேலைக்குப் போவதாக 2005-லும் 2012-லும் வந்தது. 2018-ல் அது 44. கைடுக்கு வாரத்தில் ஒரு அரை நாள் மிஞ்சினால் பெரிது. தன்னால் முடியாத மணிக்கணக்கைத்தான் அவர் ஸ்காலரிடம் எதிர்பார்க்கிறார்.

பெட்ரித்தட்டு
அப்ப கைடு மேல கோபம், 60 மணி மேல இல்ல?

சிவப்புமை
இரண்டின் மேலும்.

சூளைமேட்டுச்சூளை
ஒரு சோதனை செய்து பாருங்கள். லேப் நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ஒன்றில் கை வேலை, இன்னொன்றில் கருவி ஓடிய நேரம் என்று நாலு வாரம் எழுதுங்கள். கைப் பத்தி 60-ஐத் தொட்டால் நான் இந்தத் திரியை விட்டுப் போகிறேன்.

பெட்ரித்தட்டு
எழுதலாம். கைடு அந்த ரெண்டாவது பத்தியப் பார்த்து, ‘கருவி ஓடும்போது சும்மாதானே இருக்க, இன்னொரு பிளேட் போடு’ன்னு சொன்னா?

சிவப்புமை
அதற்கு எழுத வேண்டிய பத்தி மூன்றாவது. ‘கைடு எப்போது பேப்பரைப் படித்தார்’ என்று தலைப்பு.