தீ எட்டாத பீம் ஏன் துருப்பிடித்தது? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

உத்திரம்:
தீ விபத்து நடந்த கட்டடங்களைச் சோதிப்பது என் வேலை. ஆரம்பத்தில் நான் பட்ட சூடு ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு கிடங்கின் மூலையில் மின் கேபிள்கள் எரிந்து, அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டார்கள். மறுநாள் போய், தீக்கு நேர் மேலே இருந்த பீம்களை அளந்தேன். வளைவு இல்லை. எஃகு பாதி பலம் இழக்க 550, 600 டிகிரி செல்சியஸாவது வேண்டும். அந்தச் சூடு ஏறிய அடையாளமே இல்லை. சரி, கரியைத் துடைத்துப் பெயிண்ட் அடியுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நாலாம் நாள் போன். போய்ப் பார்த்தால் கிடங்கின் மறுகோடியில் போல்ட் தலை, வெல்டிங் ஓரம், பெயிண்ட் உரிந்த இடமெல்லாம் செம்மஞ்சளாகப் பூத்திருக்கிறது. தீ அந்தப் பக்கமே போகவில்லை. புகை போயிருந்தது.

கேபிள் உறை பிவிசி பிளாஸ்டிக். கலப்பில்லாத பிவிசியின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். நன்றாகச் சூடேறினாலே, தீப்பிடிக்கும் முன்பே, ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பிவிடும். அணைக்க அடித்த தண்ணீரின் ஈரமும் சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஈரம் எங்கே படியும்? குளிர்ந்த இரும்பில்தான். நான் சூடான பீமையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்!

இதில் கொடுமை என்னவென்றால், அமிலம் இரும்பைத் தின்று இரும்பு குளோரைடாகிறது; அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது; பிறகு துருவாக மாறும்போது அமிலத்தைத் திரும்ப விடுகிறது. துருவைச் சுரண்டினாலும் குழிக்குள் உப்பு இருக்கும். அதன்மேல் அடித்த பெயிண்ட் இரண்டே மாதத்தில் கொப்பளித்தது. அந்தச் செலவுக்கு என் கையெழுத்துதான் காரணம்.

இப்போதெல்லாம் எவ்வளவு சூடு என்பதற்கு முன்பே, என்ன எரிந்தது என்றுதான் கேட்கிறேன். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் பீமைத் துடைத்து, அந்த நீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுவேன். பால் போலக் கலங்கினால் குளோரைடு என்று சந்தேகப்படலாம். காற்றின் ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, துருவின் வேகத்தை மட்டுப்படுத்தி, அப்புறம்தான் காரக் கரைசலில் கழுவுவதும் நல்ல தண்ணீரில் அலசுவதும்.

கம்பிகட்டி:
கான்கிரீட்டில் இது மெதுவாகத் தெரியும். எங்கள் வேலையிடத்தில் பிவிசி குழாய்க் குவியல் எரிந்தது. கான்கிரீட்டின் சுண்ணாம்பு அமிலத்தைச் சமன்செய்துவிடும் என்று நிம்மதியாக இருந்தோம். சமன்செய்தது உண்மை, ஆனால் உருவான கால்சியம் குளோரைடு நீரில் கரைந்து விரிசல் வழியே உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியை நோக்கிப் போய், அதைத் துருப்பிடிக்க வைக்கும். ஆழம் ஆழமாகத் துளைபோட்டுத் தூளைச் சோதித்த பிறகுதான், எவ்வளவு கொத்தி எடுக்க வேண்டும் என்று தெரிந்தது.

உலைக்களம்:
என் பங்குக்குக் கந்தகம். உலோகவியல் படித்தபோது, 2001 தாக்குதலின்போது தீப்பிடித்து இடிந்த நியூயார்க் உலக வர்த்தக மைய ஏழாம் கட்டடத்தின் எஃகுத் துண்டு பற்றி, அமெரிக்கப் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமாவின் 2002 அறிக்கையில் வந்த படங்களைப் பார்த்து அசந்துபோனேன். தடித்த எஃகு ஓரத்தில் தகடுபோல மெலிந்திருந்தது. சுத்த இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். கந்தகம் புகுந்தால் இரும்பு ஆக்சைடும் இரும்பு சல்ஃபைடும் சேர்ந்த கலவை 1000 டிகிரிக்குள்ளேயே திரவமாகி, எஃகுக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகளின் இடுக்கு வழியே அரித்துக்கொண்டு போகும். கந்தகம் எங்கிருந்து வந்தது என்று அந்த அறிக்கை முடிவு சொல்லவில்லை.