அப்பாவோடு போக, கூட்டமில்லாத ஒரு பழைய காடு: கிளாஸ்கோவிலிருந்து எங்கே போகலாம்?

மழைத்தூறல்:
கிளாஸ்கோவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. மே மாதம் அப்பா வருகிறார். கோட்டை, கடைத்தெரு எல்லாம் வேண்டாம், ஒரு நல்ல காட்டுக்குக் கூட்டிப்போனால் போதும் என்று போனிலேயே சொல்லிவிட்டார். போன செப்டம்பரில் வரைபடத்தில் பச்சையாகத் தெரிந்த ஓர் இடத்துக்கு நானும் மனைவியும் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போனோம். எல்லா மரமும் ஒரே உயரம், நூல் பிடித்த மாதிரி வரிசை, உள்ளே ஒரே இருட்டு, தரையில் காய்ந்த ஊசியிலையைத் தவிர ஒரு புல்கூட இல்லை. அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். இந்த நாட்டில் தானாக வளர்ந்த பழைய காடு எங்காவது மிச்சம் இருக்கிறதா? அப்பாவுக்கு 67 வயது, சமதரையில் ஒரு மணி நேரம் நன்றாக நடப்பார், ஏற்றம் என்றால் முட்டி வலிக்கும். உள்ளே போக அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா?

ஓக்நிழல்:
நீங்கள் பார்த்தது சிட்கா ஸ்ப்ரூஸ் தோட்டம். வட அமெரிக்காவின் மேற்குக் கரை மரம் அது. முதல் உலகப்போரில் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்து, 1919இல் வனத்துக்கென்று அரசு ஓர் ஆணையம் அமைத்தது, அதற்குப் பிறகு மலைமலையாக நட்டுத் தள்ளினார்கள். நெருக்கமாக நடுவதால் வெளிச்சம் கீழே இறங்காது, அதனால்தான் தரை செத்துக் கிடக்கிறது. இந்த மண்ணுக்கே உரிய மரங்கள் உள்ள காடு ஸ்காட்லாந்தின் நிலப்பரப்பில் நூற்றுக்கு நான்கு பங்குதான். ஆனால் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

என் யோசனை, கடல்நீர் உள்ளே புகுந்த சூனர்ட் ஏரியின் கரையில் உள்ள ஓக் காடுகள், அதிலும் ஸ்ட்ரான்டீயன் ஊரை ஒட்டிய அரியண்டில் காடு. (அந்த ஊர்ப் பெயரில் இருந்துதான் ஸ்ட்ரான்டியம் என்ற தனிமத்துக்கே பெயர் வந்தது, பக்கத்து ஈயச் சுரங்கத்தில் கிடைத்த கல்லில் 1790இல் கண்டுபிடித்தார்கள்.) காரை நிறுத்திவிட்டு ஆற்றோரமாகப் போகும் அகலமான பாதையிலேயே நடக்கலாம், அப்பாவுக்கு அது போதும். அதிலிருந்து பிரியும் சின்னப் பாதையில் வேரும் ஈரமும் அதிகம், அதை நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அங்கே போனால் நடக்கிற வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மரத்தைத் தள்ளி நின்று பார்க்காமல் கிட்டே போய் அடிமரத்தைப் பாருங்கள். மேற்குக் கரையில் மழை அவ்வளவு பெய்வதால் ஓக், பிர்ச், ஹேசல் எல்லாவற்றின் மேலும் பாசி மெத்தை மாதிரி ஏறியிருக்கும், கிளைகளின் மேல் பெரணி முளைத்திருக்கும். இதை மழைக்காடு என்றே சொல்கிறார்கள், குளிர்ப்பிரதேச மழைக்காடு. ஸ்காட்லாந்து முழுக்க இந்த வகை சுமார் 30,000 ஹெக்டேர்தான் மிச்சம். அடிமரத்தில் கீரை இலை அளவுக்கு, மேலே பள்ளம் பள்ளமாக, நுரையீரலை விரித்து ஒட்டியது போல, ட்ரீ லங்வொர்ட் என்ற ஒன்று தொங்கும். மழை நனைத்ததும் பளிச்சென்று பச்சையாகிவிடும். காற்று கெட்டுப்போன இடத்தில் அது பிழைக்காது. நாம் குருமாவில் போடும் கல்பாசி இருக்கிறதே, அதன் தூரத்து உறவுதான். அப்பாவிடம் அப்படிச் சொல்லுங்கள், உடனே புரியும். தொட்டுப் பார்க்கலாம், பிய்க்க வேண்டாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், மனிதன் கை படாத காடு என்று நினைத்துப் போகாதீர்கள். 1753இல் பொனா என்ற ஊரில் ஓர் இரும்பு உலை தொடங்கினார்கள், நூறு வருடத்துக்கு மேல் ஓடியது. இரும்புத் தாதுவைக் கப்பலில் கொண்டுவந்து இந்தக் கரையோரக் காடுகளின் கரியில் உருக்கினார்கள். அடியோடு வெட்டி, கட்டையில் இருந்து துளிர்க்க விட்டு, வளர்ந்ததும் மறுபடி வெட்டுவார்கள். ஒரே அடியில் நாலைந்து தண்டு கிளம்பியிருக்கும் ஓக் மரம் தெரிந்தால் அதற்கு இதுதான் காரணம். சரிவில் திடீரென்று வட்டமாகச் சமதளம் வந்தால் அது கரி மூட்டம் போட்ட இடம். கரியும் தோல் பதனிட ஓக் பட்டையும் விலை போனதால்தான் இந்தக் காட்டைப் பாதுகாத்து வைத்தார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

அனுமதி எதுவும் வேண்டாம். 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் யாரும் பெரும்பாலான இடங்களில் நடக்கலாம். வேலிக் கதவைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள், மான் உள்ளே வந்தால் ஒரு ஓக் கன்றைக்கூட விட்டுவைக்காது. மே மாதத்தின் முதல் மூன்று வாரத்துக்குள் போய்விடுங்கள், அதற்கப்புறம் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி மொய்க்க ஆரம்பித்துவிடும்.

கரையோரம்:
அரியண்டில் அருமையான இடம்தான், ஆனால் கிளாஸ்கோவிலிருந்து மூன்று மணி நேரம், நடுவில் ஓர் ஏரியைக் கடக்கக் கொர்ரன் என்ற இடத்தில் காரைப் படகில் ஏற்ற வேண்டும். படகு ஓடாத நாளில் ஏரியைச் சுற்றிக்கொண்டு வெகுதூரம் போக வேண்டும், அதனால் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். வயதானவரை ஒரே நாளில் கூட்டிப்போய்த் திரும்புவது சரியாக வராது என்பது என் கருத்து.

பக்கத்திலேயே வேண்டுமென்றால் லோமண்ட் ஏரியில் இன்ச்கெய்லொக் தீவு இருக்கிறது. பல்மஹாவில் இருந்து படகில் ஏறினால் சில நிமிடம்தான். தீவு முழுக்க ஓக், மே மாதத்தில் கீழே நீலமணிப் பூ பரந்து கிடக்கும், ஒரு பழைய இடுகாடும் உண்டு. படகுத்துறையில் இருந்து மேலே ஏறும் படிகள் மட்டும் செங்குத்து, மெதுவாக ஏறச் சொல்லுங்கள். சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம், பல்மஹாவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. செவ்வாயோ புதனோ காலையில் போனால் அமைதியாக இருக்கும்.

பைன்காட்டான்:
ஓக் மட்டும்தானா காடு? ரான்னொக் ஏரியின் தென்கரையில் இருக்கும் கருங்காட்டையும் கணக்கில் வையுங்கள். பழைய ஸ்காட்ஸ் பைன் மரங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் வளைந்து நிற்கும், நடுநடுவே வெளிச்சம், கீழே ஹெதர், இடுப்பளவு உயரத்தில் எறும்புப் புற்று. இரண்டாம் உலகப்போரில் கனடாவில் இருந்து வந்த மரவெட்டிகள் இங்கேயும் வெட்டினார்கள், ஆனாலும் காடு தப்பிவிட்டது. வசந்த காலத்தில் பாதையை விட்டு விலகாதீர்கள், தரையில் கூடு கட்டும் பறவைகள் முட்டையிடும் காலம் அது.

மழைத்தூறல்:
எல்லோருக்கும் நன்றி. கல்பாசி விஷயத்தை அப்பாவிடம் சொன்னதும் அரியண்டில்தான் வேண்டும் என்கிறார். அதனால் முதல் வாரத்தில் ஒரு புதன்கிழமை தீவு, அடுத்த வாரம் ஸ்ட்ரான்டீயனில் இரண்டு இரவு என்று போட்டிருக்கிறேன். உண்ணி பயம் உண்டா? பறவை ஏதாவது கேட்குமா?

ஓக்நிழல்:
இரண்டு இரவு நல்ல முடிவு. உண்ணி இருக்கிறது, லைம் நோயைப் பரப்பும், அதனால் பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். இரவு படுக்கும் முன் முட்டியின் பின்பக்கம், இடுப்பு எல்லாம் பாருங்கள், மருந்துக்கடையில் உண்ணி பிடுங்கும் சின்னக் கொக்கி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பறவை நிறைய கேட்கும். நாணயத்தைத் தரையில் சுழற்றிவிட்டால் விழும் முன் வேகவேகமாக அதிருமே, அந்த மாதிரி ஒரு சத்தம் மரத்தின் உச்சியில் இருந்து வந்தால் அது வுட் வார்ப்ளர், ஆப்பிரிக்காவில் இருந்து வருவது. குக்கூவும் அப்போது வந்திருக்கும், நம் ஊர்க் குயிலுக்குச் சொந்தம், குரல் மட்டும் வேறு. வெயில் அடித்தால் பாதையோரப் பூக்களைக் கவனியுங்கள், பழுப்பில் மஞ்சள் கட்டம் போட்ட ஒரு குட்டிப் பட்டாம்பூச்சி வரும். இங்கிலாந்தில் 1976இல் அது அழிந்துபோய், 2018இல் வெளியில் இருந்து கொண்டுவந்து விட்டார்கள், இந்த மேற்குப் பக்கத்தில் மட்டும் விடாமல் இருந்துகொண்டே இருக்கிறது.

முட்டி வலித்தால் ஸ்ட்ரான்டீயனுக்கும் சாலனுக்கும் நடுவே சூனர்ட் ஏரிக்கரையில், மறைந்திருந்து விலங்குகளைப் பார்க்க ஒரு குடில் இருக்கிறது, காரை நிறுத்திக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். அப்பாவை அங்கே உட்கார வையுங்கள், எதிரே பாறையில் சீல் என்ற கடல்நாய் படுத்திருக்கும். பிளாஸ்கில் டீ எடுத்துப் போங்கள்.