லிட்டில் ஹவானா போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அடுத்த மாதம் அம்மாவோடு மயாமி போகிறேன். கடற்கரையெல்லாம் அப்புறம்தான். 1959 புரட்சிக்குப் பிறகு கியூபாவை விட்டு வந்தவர்கள் குடியேறி உருவாக்கிய லிட்டில் ஹவானாவை, அதிலும் காயே ஓச்சோ என்கிற எட்டாவது தெருவை, அம்மாவுக்கு நிதானமாக நடந்தே சுற்றிக் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

முன்பு வேலை விஷயமாகப் போனபோது ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. கடை ஜன்னலில் நின்றபடியே கொலாடா என்கிற கியூபா காபி வாங்கினேன். முதலில் இறங்கும் காபியில் சில சொட்டுகளைச் சர்க்கரையோடு நுரை வரும்வரை அடித்து, மீதியை அதன்மேல் ஊற்றுகிறார்கள். ஒரு பெரிய கப், கூடவே சின்னச் சின்னக் கப்புகள், பகிர்ந்து குடிப்பதற்கு. பக்கத்தில் நின்ற பெரியவருக்கும் ஊற்றிக் கொடுத்தேன், பாஷை தெரியாமலே பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அம்மா சைவம். மரவள்ளிக்கிழங்கு, வாழைக்காயைப் பொரித்து நசுக்கி மறுபடி பொரிக்கும் தோஸ்தோனெஸ் எல்லாம் கட்டாயம் பிடிக்கும். ஆனால் கறுப்பு பீன்ஸில் பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டு என்பதால் தயக்கம். சேர்க்காமல் சமைக்கும் கடை தெரியுமா? ஸ்பானிஷில் எப்படிக் கேட்பது?

அதே தெருவில் இருக்கும் மாக்சிமோ கோமேஸ் பூங்காவில் பெரியவர்கள் டோமினோ ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாமா, படம் எடுத்தால் தவறாக நினைப்பார்களா? கியூபாவை விட்டு வந்தவர்கள் அமெரிக்க ஆதரவோடு காஸ்ட்ரோ ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்ற 1961 பிக்ஸ் வளைகுடா படையெடுப்பில் இறந்தவர்களுக்கான அணையாச் சுடரும் அந்தப் பக்கம்தான். அந்த வரலாற்றைப் பொறுமையாகச் சொல்லும் வழிகாட்டி யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.