இஞ்சின் வச்ச கிளைடர்ல பறந்தவங்க இருக்கீங்களா? உங்க அனுபவத்தையும் போடுங்க

மாரத்தஹள்ளில எங்க ஆபீஸ்ல ஒரே வாக்குவாதம், இஞ்சின் இருக்கற கிளைடர்ல பண்ற ரெக்கார்ட சாதா கிளைடர் (இஞ்சின் இல்லாம காத்துலயே மிதந்து போற விமானம்) ரெக்கார்டோட ஒண்ணா வைக்கலாமான்னு. என் அனுபவத்த மொதல்ல சொல்லிடறேன்.

ஆன்சைட்ல ஜெர்மனில இருந்தப்போ ஒரு கிளப்ல பின் சீட்ல உக்கார வச்சு கூட்டிட்டு போனாங்க. டர்போன்னு சொல்ற வகை. தானா டேக் ஆஃப் ஆகாது, பிளேன்ல கட்டி இழுத்து விடணும், தெர்மல், அதாவது மேல எழும்பற சூடான காத்து, கிடைக்காம போனா கிளைடர் முதுகுக்குள்ள மடக்கி வச்ச சின்ன இஞ்சின் கம்பத்தோட வெளிய வந்து வீடு கொண்டு சேர்க்கும். சாயங்காலம் மேகமெல்லாம் கலைஞ்சு எங்கயும் லிஃப்ட் (மேல தூக்கற காத்து) இல்ல. பைலட் உடனே இஞ்சின தொடவே இல்லைங்க, கீழ அறுப்பு முடிஞ்ச ஒரு வயல பாத்து வச்சு அதுக்கு மேல வந்தப்புறம்தான் சுவிட்ச போட்டார். கம்பம் வெளிய வந்ததும் காத்து சத்தமே மாறிடுச்சு, ஏறறோமா எறங்கறோமான்னு சத்தத்துல சொல்ற வேரியோ மீட்டர் கீழ கீழன்னு கத்துது. அதுல ஸ்டார்ட்டர் கிடையாது, மூக்க அமுக்கி வேகம் பிடிச்சு அந்தக் காத்துலயே ப்ரொப்பெல்லர் சுத்தணும், அதாவது உயரம் இல்லாம தவிக்கற நேரத்துல இருக்கற உயரத்தையும் செலவு பண்ணணும். மொத தடவ பிடிக்கல. ரெண்டாவது தடவ பிடிச்சுது, ஆனா அதுக்குள்ள வயல்ல டிராக்டர் போன தடம்கூட எனக்குத் தெளிவா தெரிஞ்சுது.

இஞ்சின் இருக்குன்னு நம்பி வயல் பாக்காம காட்டு மேலயோ மலை மேலயோ போனா, அது பிடிக்காத அன்னிக்கு கம்பமும் வெளிய நிக்கும், மிதந்து போகக்கூடிய தூரம் பாதிக்கும் கீழ போயிடும், எறங்க எடமும் இருக்காது. என்னைப் பொறுத்தவரை ஆபத்து குறையல, வேற எடத்துக்கு மாறிடுச்சு, அவ்ளோதான்.

—

தம்பி, நல்லா சொன்னீங்க. நான் மல்லேஸ்வரம், ரிட்டயர்டு. சின்ன வயசுல புனே ஹடப்சர்ல வின்ச்சுல (கேபிள சுத்தி இழுத்து கிளைடர மேல ஏத்தற மெஷின்) ஏறிப் பறந்தவன். ரெக்கார்டுக்காக இஞ்சின திருட்டுத்தனமா போட்டு ஏமாத்தறாங்கன்னு சிலர் பேசறத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். கிளைடர்ல வைக்கற ஃப்ளைட் ரெக்கார்டர்லயே இஞ்சின் சத்தம் 0லேர்ந்து 999 வரைக்கும் நம்பரா பதிவாகும், எலெக்ட்ரிக் மோட்டார் சத்தம் கம்மிங்கறதால அதுக்குத் தனி சென்சார். இஞ்சின எங்க ஸ்டார்ட் பண்ணீங்களோ, ரெக்கார்டுக்கு அங்கயே எறங்கின கணக்குதான்.

எனக்கு உறுத்தறது வேற. 1972ல ஹான்ஸ் வெர்னர் க்ரோஸ்ஸங்கற ஜெர்மன் பைலட் ஜெர்மனி லூபெக்லேர்ந்து பிரான்ஸ் பியாரிட்ஸ் வரைக்கும் 1,460 கிலோமீட்டர் போனார். அவர் கிளைடர் ஏஎஸ்டபிள்யூ 12, இஞ்சின் கிடையாது, எறங்கறப்போ வேகத்த குறைக்க ஏர்பிரேக்கும் கிடையாது, வால்ல ஒரு பாராசூட் மட்டும். அத தெரியாத வயல்ல எறக்கறதுன்னா என்னன்னு பறந்தவங்களுக்குத் தெரியும். இன்னும் ஒரு மேகம் போகலாமா வேண்டாமான்னு அவர் யோசிச்சிருப்பார் பாருங்க, அந்த யோசனைய இஞ்சின் மாத்திடுது. ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், இருந்தாலே போதும். ஒரு காலத்துல ரெக்கார்டுல மோட்டார் கிளைடருக்குத் தனி கிளாஸ் இருந்துச்சு, அத எடுத்திருக்கக் கூடாதுங்கறது என் கட்சி.

—

சார், க்ரோஸ்ஸ விஷயத்துல உங்க பக்கம்தான் நான். ஆனா 2003ல அர்ஜென்டினால க்ளவுஸ் ஓல்மன்ங்கற பைலட் ஆண்டீஸ் மலை வேவ்ல (மலைய தாண்டி அலை அலையா எழும்பற காத்து) 3,000 கிலோமீட்டர் தாண்டினது நிம்பஸ் 4டிஎம் கிளைடர்ல, அதுல இஞ்சின் உண்டு. அந்தக் காத்துலயும் குளிர்லயும் பொழுது விடிஞ்சதுலேர்ந்து அடையற வரைக்கும் அவர் அந்த வெயிட்ட சும்மா சுமந்துட்டுதான் போனார், லிஃப்ட்ட தேடிப் பிடிச்சது அவர்தானே? ரெக்கார்ட பிரிக்க வேண்டாம் சார், பேருக்குப் பக்கத்துல இஞ்சின் இருந்துச்சா இல்லையான்னு ஒரு வார்த்தை போட்டா எனக்குப் போதும். மலைக்காத்துல இஞ்சின் பிடிக்காம மாட்டினவங்க யாராவது இங்க இருந்தா எழுதுங்க, எவ்ளோ உயரத்துல முடிவு எடுத்தீங்கன்னு அவசியம் சொல்லுங்க.